பாயை இறக்கியவர்கள் தந்த சொல்

ஆங்கில அகராதியைப் புரட்டி 'ஸ்ட்ரைக்' என்ற சொல்லுக்குப் பொருள் தேடுகிறவருக்குத் தலை சுற்றும். அடித்தல் என்பது முதலில் நிற்கும். பிறகு கடிகாரம் மணி அடிப்பது, மின்னல் தாக்குவது, தீக்குச்சியைக் கிழிப்பது, நாணயம் அச்சடிப்பது, பூமிக்கடியில் எண்ணெய் கண்டெடுப்பது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். போலிங் விளையாட்டில் ஒரே உருட்டலில் பத்துக் கட்டைகளையும் சாய்த்தால் அது ஸ்ட்ரைக். அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்திலோ, வருகின்ற பந்தை மட்டைக்காரர் வீசி அடிக்கத் தவறினால் அதற்கும் பெயர் ஸ்ட்ரைக்! அடித்தாலும் ஸ்ட்ரைக், அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக்.

நம் ஊர்ப் பேச்சு வழக்கில் இன்னொன்றும் உண்டு. நான்கு எண் குலுக்கலில் பரிசு விழுந்தவரை 'ஸ்ட்ரைக் ஆகிவிட்டது' என்று பொறாமையோடு பார்ப்போம். இதில் ஆங்கிலமும் தமிழும் கைகோத்துக்கொள்கின்றன. தமிழிலும் 'அவருக்கு லாட்டரி அடித்துவிட்டது' என்றுதானே சொல்கிறோம்? மணி அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, காற்றடிக்கிறது, யோகம் அடிக்கிறது. ஆனால் கூடாரத்துக்கு வரும்போது மட்டும் இரண்டு மொழிகளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தமிழில் கூடாரம் அடிப்பது என்றால் நட்டுவைப்பது. ஆங்கிலத்தில் கூடாரத்தை 'ஸ்ட்ரைக்' செய்வது என்றால் பிரித்து இறக்கிவிடுவது. இந்தச் சிறிய வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நம் கதையின் முடிச்சே அங்குதான் இருக்கிறது.

இத்தனை பொருள்களுக்கும் நடுவே, தொழிலாளர்கள் வேலையை நிறுத்துவதற்கும் இதே சொல் எப்படி வந்தது? ஓங்கி அடிப்பது ஒரு செயல். கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பது அதற்கு நேர் எதிரான செயல். முதலாளிக்குக் கொடுக்கும் அடி என்பதால் 'ஸ்ட்ரைக்' என்று பெயர் வந்ததாகப் பலர் எண்ணியிருக்கக் கூடும். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மையன்று. அந்தப் பொருள் வந்தது கடலிலிருந்து.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூல வடிவத்துக்கு மெதுவாகத் தடவிச் செல்லுதல், நகர்ந்து போதல் என்பதே பொருள். அடித்தல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பழைய பொருளின் எச்சம் தானியம் அளக்கும் முறையில் நெடுங்காலம் இருந்தது. மரக்காலில் நெல்லைக் குவித்து, கையாலோ கட்டையாலோ மேற்பரப்பை வழித்துவிட்டுத் 'தலைதட்டி' அளப்பதை நம் பாட்டிமார் அறிவர். அப்படி வழித்துவிடும் கட்டைக்கு இங்கிலாந்துக் கிராமங்களில் 'ஸ்ட்ரைக்' என்று பெயர். வழித்துச் சமமாக்குவது, தாழ்த்துவது, கீழே இறக்குவது என்று அந்தச் சொல் ஒரு பக்கமாக வளர்ந்தது. பாய்மரக் கப்பல்களில் ஏறியபோது, விரித்த பாயைக் கீழே இறக்குவதற்கு 'ஸ்ட்ரைக்' என்பது வழக்கமான சொல்லாயிற்று. மேலே ஏற்றிய கொடியை இறக்குவதற்கும் அதே சொல்.

கடலில் பாயை இறக்குவது சாதாரணக் காரியமன்று. வலிமையுள்ள கப்பலைக் கண்டால் சிறிய கப்பல் பாயைத் தாழ்த்தி மரியாதை செய்யும். போரில் கொடியை இறக்கினால் 'தோற்றோம், சரணடைகிறோம்' என்று அர்த்தம். பணிவுக்கும் தோல்விக்கும் அடையாளமாக இருந்த இந்தச் செயலை எதிர்ப்பின் அடையாளமாக மாற்றிக் காட்டியவர்கள் கூலி மாலுமிகள்!

அது நடந்தது 1768ஆம் ஆண்டில். பிரிட்டனும் பிரான்சும் மோதிய ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்திருந்தது. போர்க்கப்பல்களிலிருந்து விடுவிக்கப்பட்ட மாலுமிகள் துறைமுகங்களில் குவிந்தார்கள். ஆட்கள் மிகுந்தால் கூலி குறையும் என்பது எல்லாக் காலத்துக்கும் பொதுவான கணக்கு. அதே வேளையில் ரொட்டியின் விலை ஏறிக்கொண்டிருந்தது. லண்டனில் பட்டு நெய்வோர், நிலக்கரி சுமப்போர், தொப்பி செய்வோர் என்று ஒவ்வொரு தொழிலிலும் கொந்தளிப்பு. அந்த ஆண்டு மே 10ஆம் தேதி, ஜான் வில்க்ஸ் என்ற அரசியல்வாதி அடைக்கப்பட்டிருந்த சிறைக்கு வெளியே திரண்ட கூட்டத்தின் மீது செயின்ட் ஜார்ஜ் திடலில் படையினர் சுட்டதில் உயிர்கள் போயின.

அந்தச் சூழலில்தான் வடகிழக்கு இங்கிலாந்தின் சன்டர்லாந்து துறைமுகத்தில் மாலுமிகள் ஒன்றுகூடித் தங்கள் குறைகளை ஊர் நடுவில் பொதுமக்கள் கேட்க வாசித்தார்கள். பிறகு துறைமுகத்தில் நின்ற ஒவ்வொரு கப்பலிலும் ஏறினார்கள். பாயைத் தாங்கும் குறுக்குமரங்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். அவ்வளவுதான். கப்பலுக்குத் தீ வைக்கவில்லை, சரக்கைக் கடலில் கொட்டவும் இல்லை. ஆனால் எத்தனை டன் நிலக்கரி ஏற்றியிருந்தாலும் பாயில்லாத கப்பல் ஓரங்குலம் நகராது. தேம்ஸ் நதியிலும் அதே கதை. உலகத்தின் மிகப் பெரிய வாணிப நகரங்களுள் ஒன்றான லண்டனில் கப்பல்கள் மொட்டை மரங்களாக நின்றன.

கரையிலிருந்து அதைப் பார்த்த மற்றத் தொழிலாளர்கள் அந்தச் சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். கருவியைக் கீழே வைத்துவிட்டு வெளியேறிய தொப்பிக்காரரும் 'ஸ்ட்ரைக்' செய்தார், தையற்காரரும் 'ஸ்ட்ரைக்' செய்தார். அவர்களிடம் இறக்குவதற்குப் பாய் ஏது? இருந்தாலும் சொல் நிலைத்துவிட்டது.

வேலையை நிறுத்தும் செயல் 1768இல் பிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. எகிப்தில் மூன்றாம் ராம்சேஸ் மன்னனின் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது இன்றைக்கு 3,100 ஆண்டுகளுக்கு முன்பே, அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து கட்டிய கைவினைஞர்கள் கருவியைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். கூலியாக வரவேண்டிய தானியம் மாதத்தில் 18 நாள் கடந்தும் வரவில்லை. பசிக்கிறது என்று சொல்லிக் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அதை எழுதிவைத்த பப்பைரஸ் ஏடு இத்தாலியின் டூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செயல் பழையது. அதற்குப் பெயர் வைக்கும்போதுதான் ஒவ்வொரு நாடும் தன் தெருவையும் துறைமுகத்தையும் பார்த்துப் பெயர் வைத்தது.

பிரெஞ்சுக்காரர்கள் வேலைநிறுத்தத்தை 'க்ரேவ்' என்கிறார்கள். அதன் நேர்ப்பொருள் ஆற்றங்கரையின் மணலும் கூழாங்கல்லும் நிறைந்த திட்டு. பாரிஸில் சேன் நதியோரம் க்ரேவ் சதுக்கம் என்று ஒன்று இருந்தது. படகில் வரும் சரக்கை இறக்க ஆள் வேண்டும் என்றால் அங்கேதான் வருவார்கள். வேலை இல்லாதவர்களும் விடியற்காலையில் அங்கேதான் நிற்பார்கள். வேலை தேடி நிற்பதைக் குறித்த சொல், வேலை செய்ய மறுத்து நிற்பதையும் குறிக்கத் தொடங்கிற்று. அதே சதுக்கம் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றும் இடமாகவும் இருந்தது. கில்லட்டின் இயந்திரம் முதன்முதலில் மனிதத் தலையை வெட்டியது 1792இல் அங்கேதான். அந்தச் சதுக்கம் இன்று நகர மண்டபச் சதுக்கம் எனப்படுகிறது.

ஸ்பானிய மொழியின் 'உவெல்கா' ஓய்வெடுத்தல் என்ற சொல்லிலிருந்து வந்தது. ரஷ்யர்களின் 'ஸபஸ்தோவ்கா' இன்னும் சுவையானது. இத்தாலிய மொழியில் 'பாஸ்தா' என்றால் 'போதும்!' சீட்டாட்டத்தின் வழியாக ரஷ்யாவுக்குள் புகுந்த அந்தச் சொல்தான் பிற்காலத்தில் தொழிற்சாலை வாசலில் கேட்டது. சீனர்கள் 'பா குங்' என்பார்கள். நிறுத்து, வேலை என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. மலாய், இந்தோனேசிய மொழிகளின் 'மோகோக்' என்ற சொல்லோ, போகமாட்டேன் என்று முரண்டுபிடித்து நின்றுவிட்ட வண்டிக்கும் பொருந்தும். உண்ணாவிரதம் இருப்பவரின் பட்டினிக்கும் பொருந்தும். குஜராத்தியில் பிறந்த 'ஹர்த்தால்', கடை, பூட்டு ஆகிய இரண்டையும் இணைத்தது. தமிழில் கடையடைப்பு என்று அதையே சொல்கிறோம். 'வேலைநிறுத்தம்' என்ற தமிழ்ச் சொல்லில் புதிர் ஏதும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்கிறது.

ஆங்கிலேயச் சட்டம் இந்தச் சொல்லை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்நாளில் தொழிலாளர் ஒன்றுசேர்வதை 'கூட்டுச் சதி' என்றே நீதிமன்றங்கள் பார்த்தன. கூலியைக் குறைக்க முதலாளிகள் ஒன்றுசேர்வதைத் தடுக்க ஒரு சட்டமும் இல்லை, கூலியை உயர்த்தத் தொழிலாளர் ஒன்றுசேர்வதைத் தடுக்கப் பல சட்டங்கள் இருக்கின்றன என்று 1776இலேயே சுட்டிக்காட்டினார் ஆடம் ஸ்மித். முதலாளித்துவப் பொருளாதாரத்தின் தந்தை என்று போற்றப்படுகிறவர் அவர் என்பதை மறந்துவிட வேண்டாம். அவர் எழுதி இருபது ஆண்டுகளுக்குப் பின் நிலைமை இன்னும் கெட்டது. 1799, 1800 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் தொழிலாளர் கூட்டமைப்புகளை அடியோடு தடை செய்தன. 1824இல் தடை நீங்கியது. மறு ஆண்டே மீண்டும் கட்டுப்பாடுகள் வந்தன. தொழிற்சங்கம் சட்டப்படி அங்கீகாரம் பெற 1871 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1889இல் அந்தச் சொல் தான் பிறந்த இடத்துக்கே திரும்பி வந்தது. லண்டன் துறைமுகத்தில் அன்றாடம் காலையில் கூலிகள் முண்டியடித்து நிற்பார்கள். மேற்பார்வையாளர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்கு மட்டும் சில மணி நேர வேலை. பாரிஸின் க்ரேவ் திட்டில் நின்றவர்களின் நிலைமைக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டு ஆகஸ்டு 14ஆம் தேதி வேலையை நிறுத்தினார்கள். பட்டினியால் தோற்றிருப்பார்கள், ஆனால் எங்கோ இருந்த ஆஸ்திரேலியத் தொழிலாளரும் பொதுமக்களும் 30,000 பவுனுக்கு மேல் அனுப்பிவைத்தார்கள். ஒரு மாதத்தில் அந்த ஆறு பென்ஸ் கிடைத்தது.

தமிழகத்தில் இந்தப் போராட்ட முறைக்கு அழுத்தமான முத்திரை பதித்தது தூத்துக்குடி. கோரல் ஆலை என்ற பஞ்சாலை வெள்ளையர் நிர்வாகத்தில் இருந்தது. விடுமுறை என்ற பேச்சே இல்லாமல் குறைந்த கூலிக்கு உழைத்த தொழிலாளரை வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் திரட்டினார்கள். 1908 பிப்ரவரி 27இல் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ பத்து நாளில் வெற்றி கண்டது. நிர்வாகம் இறங்கிவந்து கூலி உயர்வுக்கும் வார விடுமுறைக்கும் ஒப்புக்கொண்டது. மாலுமிகள் தந்த இந்தச் சொல்லைத் தமிழ்த் தொழிலாளரிடம் கொண்டுசேர்த்த வ.உ.சி.யும் கப்பலோட்டியவர் என்பது தற்செயலாக அமைந்த அழகு. ஆனால் வெற்றியின் மகிழ்ச்சி ஆறுவதற்குள் மார்ச் 12இல் அவர் கைதானார். கப்பல் நிறுவனம் நடத்தியவர் சிறையில் செக்கிழுத்தார்.

மலாயாவுக்கு வருவோம். இந்நாட்டு இந்தியத் தொழிலாளரின் வரலாற்றில் 'ஸ்ட்ரைக்' என்றதும் நினைவுக்கு வரவேண்டியது 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம். ரப்பருக்குப் போர்க்காலத் தேவை மிகுந்திருந்தது. தோட்ட நிறுவனங்களுக்கு நல்ல இலாபம். பால்மரம் சீவிய தமிழருக்கோ அன்றாடக் கூலி ஏறத்தாழ 50 காசு. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளர் கூடுதலாகப் பெற்றனர். ஆர்.எச்.நாதன் என்ற பத்திரிகையாளர் மலாயா மத்திய இந்தியர் சங்கத்தைச் சேர்ந்தவர். அவரும் தோழர்களும் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளரைத் திரட்டினார்கள்.

அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி ஒன்று மட்டுமே. மற்றவற்றைப் படித்தால்தான் தோட்ட வாழ்க்கை எப்படி இருந்தது என்பது விளங்கும். நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கக் கூடாது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை இருக்கக் கூடாது. பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொள்வது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். குடித்துவிட்டு வேலைக்கு வராமல் இருப்பதாகப் பழி சுமத்தப்பட்ட மக்களே, கள்ளுக்கடையை மூடு என்று கேட்டார்கள்!

இவற்றோடு இன்னொரு கோரிக்கை. துரையோ கிராணியோ எதிரே வந்தால், சைக்கிளில் போகும் தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும் என்பது அந்நாளின் எழுதாத சட்டம். அப்படி இறங்க வேண்டியதில்லை என்று ஆக வேண்டும் எனக் கேட்டார்கள். இதற்கு நிர்வாகத்துக்கு ஒரு காசு செலவில்லை. ஆனால் துரைமார்களை அதிகம் உறுத்திய கோரிக்கைகளில் அதுவும் ஒன்றாகவே இருந்திருக்கும். கூலியை ஐந்து காசு, பத்துக் காசு உயர்த்திக் கொடுத்துப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். சைக்கிளிலிருந்து இறங்காமல் போனவனை மறுபடி இறக்க முடியுமா? பெரிய கப்பலுக்கு முன்னால் சிறிய கப்பல் பாயைத் தாழ்த்த வேண்டும் என்ற அதே பழைய வழக்கம்தான் செம்மண் சாலையில் சைக்கிளுக்கும் வந்திருந்தது.

மே 5ஆம் தேதி நாதன் கைது செய்யப்பட்டார். அவரை நாடு கடத்தப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் படர்ந்தது. பல்லாயிரம் பேர் பெரட்டுக் களத்துக்கு வரவில்லை. காந்தி தொப்பி அணிந்து ஊர்வலம் போனார்கள். மே 16இல் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. தோட்டங்களுக்குள் படை வந்தது. அந்தப் படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி. துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மாத இறுதிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. ஏழே மாதத்தில், 1941 டிசம்பரில், ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே ஓடினார்கள். அவர்களைத் துரத்தி வந்த ஜப்பானியச் சிப்பாய்கள் பலரும் வந்தது சைக்கிளில்தான்.

போருக்குப் பின் இந்நாடு 'ஹர்த்தால்' என்ற சொல்லையும் கற்றுக்கொண்டது. பிரிட்டிஷார் வகுத்த கூட்டரசுத் திட்டத்தை எதிர்த்து 1947 அக்டோபர் 20ஆம் தேதி மலாயா முழுவதும் கடைகள் அடைக்கப்பட்டன. மலாய், சீன, இந்திய அமைப்புகள் சேர்ந்து நடத்திய அந்தக் கடையடைப்புக்கு இந்திய விடுதலைப் போராட்டத்தின் சொல்லே பெயராக அமைந்தது. அதில் சிங்கப்பூரும் பங்கேற்றது.

சட்டப் புத்தகத்தில் இன்று இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம், தொழிலாளர்கள் சேர்ந்து வேலையை நிறுத்துவதை மட்டும் வேலைநிறுத்தம் என்று சொல்லவில்லை. வேலையைக் குறைப்பதும் வேண்டுமென்றே மந்தமாகச் செய்வதும் அதில் அடங்கும். பாயை முழுவதும் இறக்க வேண்டாம், பாதி இறக்கினாலே போதும், சட்டத்தின் கண்ணில் அதுவும் வேலைநிறுத்தம்தான்.

சிங்கப்பூரிலோ 1986 ஜனவரியில் ஹைட்ரில் நிறுவனத்தின் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேலாக அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லாதிருந்தது. 2012 நவம்பர் 26ஆம் தேதி, சீனாவிலிருந்து வந்து பணியாற்றிய 171 பேருந்து ஓட்டுநர்கள் தங்கும் விடுதியைவிட்டு வேலைக்குப் புறப்பட மறுத்தார்கள். மலேசிய ஓட்டுநர்களைவிடத் தங்களுக்குச் சம்பளம் குறைவு என்பதும் விடுதியின் நிலைமை மோசம் என்பதும் அவர்களின் குறை. முதல் நாள் செய்திகளில் 'பிரச்சினை', 'எதிர்ப்பு' என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். மறுநாள் மனிதவள அமைச்சு அதை 'ஸ்ட்ரைக்' என்றே பெயரிட்டு அழைத்தது, சட்டவிரோதமானது என்ற அடைமொழியோடு. அந்தப் பெயர் சூட்டப்பட்ட பிறகு ஐவர் மீது வழக்குப் போடப்பட்டது; அவர்கள் சிறை சென்றார்கள். மேலும் 29 பேர் விமானம் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பேருந்து நிறுவனமோ விடுதிகளின் குறைகளை ஒப்புக்கொண்டு அவற்றைச் சரிசெய்ய முற்பட்டது.